மீனாட்சி பெயருக்கு வந்த பார்சல்

1997 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. மகளுக்குப் பதினான்காவது வாரம் நடந்துகொண்டிருந்தது. முத்தடுப்பு ஊசியின் மூன்றாவது தவணை. தமிழ்நாட்டில் தடுப்பூசிக்கு அன்றும் சரி, இன்றும் சரி, புதன்கிழமைதான். குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் மனைவியும் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போயிருந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பது குழந்தைகளாவது இருந்திருக்கும். திரும்பும்போது மணி ஒன்றரை, மழையும் பிடித்துக்கொண்டது. மூன்று மாடி ஏறிப் பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தேன். கதவுக்கு அடியில் யாரோ தள்ளிவிட்டிருந்த சீட்டு என் ஈரச் செருப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டது.

உள்ளங்கை அகலச் சீட்டு. அச்சடித்த வரிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும். காலி இடங்களைத் தபால்காரர் பேனாவால் நிரப்பியிருந்தார். பதிவுப் பார்சல் ஒன்று, அதன் எண், அனுப்பிய ஊர் போடி. கீழே தமிழில், பள்ளிக்கூட வாத்தியாரின் கையெழுத்து மாதிரி திருத்தமாக, ‘கதவு பூட்டு. 11.40 மணி. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். 7 நாள்.’ பெறுபவர் பெயர் இருந்த இடத்தில் மட்டும் என் செருப்பின் ஈரம் பட்டு மை கரைந்துவிட்டது.

போடியிலிருந்து எனக்குப் பார்சல் அனுப்பக்கூடியவர் ஒருவர்தான், அம்மா. அவள் என்னோடு பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

பெயர் வைத்ததில் வந்த மனத்தாங்கல் அது. என் அப்பத்தாவின் பெயர் மீனாட்சி. அப்பா போன பிறகு, வீட்டில் பிறக்கும் முதல் பேத்திக்கு அந்தப் பெயர்தான் என்று அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள். என்னிடம் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றியிருக்காது. நாங்கள் தனித்தமிழ்ப் பெயராக வைக்க வேண்டும் என்று புத்தகங்களைப் புரட்டி, கயல்விழி என்று வைத்து, பிறப்புச் சான்றிதழிலும் பதிந்துவிட்டோம். தொட்டிலில் போடுகிற நாளில் காஞ்சிபுரத்துச் சம்பந்தி வீட்டில், எல்லோரும் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. தன் முறை வந்தபோது குனிந்து குழந்தையின் நெற்றியை முகர்ந்தாள். சாப்பிட்டாள், இலையை மூடினாள், மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நான் போட்ட இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு வாத்தியார்தான் எப்போதும் எழுதித் தருவார். எதிர்க்கடை பி.பி. நம்பருக்குப் போன் செய்தால், “ஆத்தா தோட்டத்துக்குப் போயிருக்காக” என்றே கடைப்பையன் சொன்னான்.

சீட்டைப் பார்த்ததும் அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஊசி போட்ட வேகத்தில் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் கண்டது. வியாழன் முழுக்க ஈரத்துணியும் சொட்டு மருந்துமாகக் கழிந்தது. வெள்ளிக்கிழமை தெருவில் முழங்கால் தண்ணீர். சனிக்கிழமை தபால் நிலையம் உண்டு, ஆனால் என் அலுவலகத்தில் மாதக்கடைசிக் கணக்கு. ஞாயிறு விடுமுறை. இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் இன்றைக்கு யோசித்தால், என்ன வந்திருக்குமோ என்ற பயமும் அதில் கலந்திருந்தது. தொட்டிலுக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த சேலையை அம்மா திருப்பி அனுப்பியிருப்பாளோ என்றுகூட நினைத்தேன்.

அந்த நாட்களில், வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பும் பதிவுத் தபாலை ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் யாரும் வரவில்லை என்றால் அனுப்பியவருக்கே போய்விடும். அனுப்பியவரும் கிடைக்காவிட்டால், முன்பு ‘டெட் லெட்டர் ஆபீஸ்’ என்று சொல்லப்பட்ட, திரும்பிய கடிதங்களுக்கான அலுவலகத்துக்குப் போகும். திருப்பி அனுப்பும்போது மேலே காரணம் எழுதுவார்கள். கதவு பூட்டு, வீடு மாறிவிட்டார், அப்படி ஒருவர் இல்லை, வாங்க மறுத்தார் என்று நாலைந்து விதம். அம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, வாத்தியார் படித்துச் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்தை அவர் படித்துச் சொன்னாலும், அம்மாவின் காதில் அது கடைசிக் காரணமாகத்தான் விழும். ஞாயிறு இரவு இதை நினைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே போய் நின்றேன். அந்தக் காலத்துத் தபால் நிலையத்தின் வாசனை தெரிந்தவர்களுக்குத் தெரியும். உருகிய அரக்கு, கோந்து, நனைந்த சாக்கு, முத்திரை மை எல்லாம் சேர்ந்த வாசனை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஒரு குத்து மையில், ஒரு குத்து தபாலில் என்று தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது. மணியார்டர் பாரம் நிரப்பத் தெரியாத ஒரு பெரியவர் என்னிடம் நீட்டினார், எழுதிக் கொடுத்தேன். என் முறை வந்ததும் சீட்டையும் ரேஷன் கார்டையும் ஜன்னலில் வைத்தேன்.

கவுண்டரில் இருந்த அம்மா உள்ளே போய்ப் பார்சலைக் கொண்டுவந்து, பக்கத்து மேசைமேல் வைத்தார். பெரிய பொதி. சுருட்டிக் கட்டிய கம்பளி அளவுக்கு இருந்தது, ஆனால் ஒற்றைக் கையால் தூக்கி வந்தார். வெள்ளை வேட்டித் துணியில் தைத்த உறை. தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்து, ஒவ்வொரு நாலு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போடுவது அம்மாவின் பழக்கம். ஒரு இடத்தில் அறுந்தாலும் மிச்சம் பிரியாது என்பாள். வேட்டியின் பச்சைக்கரை ஓர் ஓரத்தில் தெரிந்தது. அப்பா கட்டிய வேட்டி.

அந்த அம்மா முகவரியைப் படித்தார். “செல்வி மீனாட்சின்னு போட்டிருக்கு. உங்க வீட்ல மீனாட்சி யாரு?”

எனக்கு அந்த நிமிடம் என்ன ஆயிற்று என்று இன்றும் விளங்கவில்லை. பழைய கோபம் எங்கோ மிச்சம் இருந்திருக்க வேண்டும். “எங்க வீட்ல மீனாட்சின்னு யாரும் இல்லீங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரேஷன் கார்டைப் பார்த்தார். அதில் குழந்தையின் பெயரே இன்னும் ஏறவில்லை. “அப்ப நான் யார்கிட்டக் கொடுக்கிறது?” என்றவர் பார்சலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் குழந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது பின்னால் நின்றவர் தன் சீட்டை நீட்டிவிட்டார். நாளை வேறு அடையாளம் ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முகவரியில் இருக்கும் பெயரை, வாங்க வந்தவனே அப்படி ஒருவர் இல்லை என்கிறான். அவர் பார்சலைக் கொடுத்திருந்தால்தான் தவறு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நாளைக்கு நானும் வர்றேன். பாப்பாவையும் தூக்கிட்டுப் போவோம்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை, ஆறாவது நாள். மழை விட்டிருந்தது. தடுப்பூசி அட்டை, மருத்துவமனையில் கொடுத்த சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டோம். எல்லாவற்றிலும் கயல்விழி என்றுதான் இருந்தது. அதே ஜன்னல், அதே அம்மா. நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி குழந்தையை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, “இவதாங்க மீனாட்சி. இவளோட அப்பத்தா அனுப்பியிருக்காங்க” என்றாள்.

அவளை நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெயரை அவள் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கவுண்டர் அம்மா அட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். உள்ளே எழுந்துபோய் போஸ்ட் மாஸ்டரை அழைத்து வந்தார். ஓய்வு பெறப் போகிற வயது. நெற்றியில் திருநீறு. அட்டையை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார், பார்சலைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“கயல்னா மீன். அட்சின்னா கண்ணு. ரெண்டும் ஒரே பேருதானேம்மா” என்றார்.

எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. தமிழ்ப் பெயர் தேடி அத்தனை புத்தகம் புரட்டியவன் நான். அது வடமொழி, இது தமிழ் என்றுதான் பார்த்தேனே தவிர, அம்மா கேட்ட பெயரையே வேறு சொல்லில் வைத்திருக்கிறேன் என்பது ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. அம்மாவிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும், மூன்று மாதம் வீணாகியிருக்காது.

மனம் நெகிழ்ந்தாலும் போஸ்ட் மாஸ்டர் முறையை விடவில்லை. எங்கள் பகுதிக்கு வரும் தபால்காரரைக் கூப்பிட்டு, இவர்கள் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தானா என்று கேட்டார். அவர் தபால்களை வீதி வாரியாக, வீட்டு வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து எங்களைப் பார்த்து, “மூணாவது மாடி, பச்சைக் கதவு” என்றார். நாங்கள் அங்கே குடிவந்து அதிக நாள் ஆகவில்லை, அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவருக்கு எங்கள் கதவின் நிறம் தெரிந்திருந்தது. “அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு சார். பார்சல் பெருசு, பையில போகாது. சைக்கிள் கேரியர்ல வச்சு, என் மழைக்கோட்டைச் சுத்திக் கட்டிக் கொண்டாந்தேன். ரெண்டு தடவை மணி அடிச்சேன். எதிர் வீட்லயும் பூட்டு. வாசல்ல வச்சுட்டுப் போக மனசு வரல” என்றார். மழைக்கோட்டைப் பார்சலுக்குப் போர்த்தியவர், மத்தியானம் அந்த மழையில் எதைப் போட்டுக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குழந்தையின் தந்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தபால்காரர் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பார்சல் கைக்கு வந்தது.

மேலே இருந்த முகவரி வாத்தியாரின் கையெழுத்து. பின்கோடு மட்டும் பெரிது பெரிதாக, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதியிருந்தது. 1972 சுதந்திர தினத்தன்று இந்தப் பின்கோடு வந்தபோது அம்மாவுக்கு அதில் ஒரு வேலையும் இருந்ததில்லை. நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகு அதை மனப்பாடம் செய்துகொண்டாள். “ஆறு, மூணு முட்டை, அப்புறம் ரெண்டு நம்பர்” என்று சொல்லிக் கடைசி இரண்டு எண்களையும் விரல் மடக்கி ஒப்பிப்பாள். நான் வீடு மாறும்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது, “கடைசி ரெண்டு நம்பர் மாறிருச்சா?” என்பதுதான். எழுத்தறியாத ஒருத்திக்குத் தன் பிள்ளை இருக்கும் இடத்தின் அடையாளம் அந்த ஆறு எண்கள்.

வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தேன். முடிச்சு முடிச்சாகப் பிரிக்க அரைமணி நேரமாயிற்று. பிளேடால் அறுக்க மனம் வரவில்லை. உள்ளே குழந்தைக்கு ஒரு குட்டி மெத்தை. நீலக்கோடு போட்ட புது மெத்தைத் துணி. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நூலால் குஞ்சம். கையை வைத்தால் அமுங்கி, எடுத்ததும் மெதுவாக எழுந்தது. இலவம் பஞ்சு.

போடிப் பக்கம் இலவ மரம் இல்லாத தோட்டம் குறைவு. ஏலக்காய்க்கும் இலவம் பஞ்சுக்கும் பேர்போன ஊர் அது. எங்கள் கிணற்றடியிலும் ஒரு மரம் உண்டு. பங்குனி, சித்திரையில் காய் முற்றிக் காய்ந்து வெடிக்கும். வெடிப்பதற்கு முன் பறித்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். ஓட்டை உடைத்துப் பஞ்சைக் கூடையில் போட்டு மூங்கில் குச்சியால் கடைந்தால் விதை அடியில் தங்கும், பஞ்சு மேலே எழும்பும். கடையும்போது மூக்கில் வாயில் எல்லாம் ஏறும் என்பதால் அம்மா முந்தானையை முகத்தில் கட்டிக்கொள்வாள். மெத்தை நெடுகத் தடவிப் பார்த்தேன். விரலில் ஒரு விதை தட்டவில்லை. சித்திரைப் பஞ்சு என்றால், குழந்தை பிறப்பதற்கு முன்பே எடுத்து வைத்தது. கோபம் வருவதற்கு முன்பே ஆயத்தம் செய்து, கோபத்தோடே தைத்து முடித்திருக்கிறாள்.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பி.பி. நம்பருக்குப் போன் செய்தேன். இந்த முறை கடைப்பையன் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய்க் கூட்டிவந்தான்.

“கெடைச்சுருச்சாய்யா?” என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை.

“கெடைச்சுருச்சும்மா. மீனாட்சி அதுலதான் தூங்குறா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மீட்டரில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்: “ஏழு நாளைக்குள்ள வாங்கலைன்னா திரும்பி வந்துரும்னு வாத்தியார் சொன்னாருய்யா. நாலு நாளா தெருவுல தபால்காரர் தலையைப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது. நம்ம வீட்டத் தாண்டிப் போற வரைக்கும் உள்ள ஒக்காந்துக்குவேன்.”

மழையில் நனைந்திருக்குமோ என்று பயந்தேன் என்றேன். “இலவம் பஞ்சு தண்ணி குடிக்காது. ஆத்துல போட்டாலும் மெதக்கும்” என்றாள். உண்மைதான். கப்பலில் உயிர்காக்கும் மேலங்கிக்குள் அடைக்க இந்தப் பஞ்சைத்தான் ஒரு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். இலவு காத்த கிளி மாதிரி நீ காத்திருந்தாயே என்றேன். “கிளி திங்கிறதுக்குக் காத்துச்சு, ஏமாந்துச்சு. நான் என் பேத்தி படுக்கக் காத்தேன்” என்று சொல்லிவிட்டு அழுதாள். போஸ்ட் மாஸ்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். மறுநாளே வாத்தியாரிடம் போய், இரண்டும் ஒரே பெயர்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து சாகும்வரை அம்மாவுக்குப் பேத்தி மீனாட்சி, எங்களுக்குக் கயல்விழி.

அந்த மெத்தையில் அடுத்து மகனும் படுத்தான். இரண்டு தடவை பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, புது உறை தைத்தோம். பஞ்சு இன்னும் இருக்கிறது.

போன வருடம் மகள் பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். தனியார் கூரியர். காலை முழுக்க நான் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குக் கைபேசியில் செய்தி வந்தது: ‘வீட்டில் யாரும் இல்லை. விநியோகம் செய்ய இயலவில்லை.’ யாரும் வரவே இல்லை. கேட்டால் நகரத்துக்கு வெளியே உள்ள கிடங்குக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்து அந்தப் பையன்களை விரட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வராமலே வந்ததாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘கதவு பூட்டு. 11.40 மணி’ என்று எழுதியவர் மூன்று மாடி ஏறி வந்துவிட்டு எழுதினார்.

பார்சல் அனுப்புகிறவர்கள் பெறுபவரின் கைபேசி எண்ணை மேலேயே தெளிவாக எழுதுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்கள் அனுப்புவதாக இருந்தால், உங்கள் அடையாள அட்டையில் உள்ள பெயரை அவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வையுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரையும் அவர்கள் பக்கத்தில் எழுதினால் எழுதட்டும். கதவடியில் சீட்டு கிடந்தால், அன்றைக்கே முடியாவிட்டாலும் மறுநாள் காலையில் போய் வாங்கிவிடுங்கள். ஏழாம் நாள் வரை வைக்காதீர்கள்.